கட்டிப்போட்டுக் கத்தவிட்ட ராக்கெட்

நாங்கள் இருப்பது பணகுடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் என்று சொன்னால் போதும். வெளியூர்க்காரர்கள் உடனே, "ராக்கெட் விடுத இடம்லா அது?" என்பார்கள். விடுகிற இடம் இல்லை. எங்கள் மலையிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒன்றும் மேலே போனதில்லை. ராக்கெட் போவது வடக்கே, ஆந்திராக் கடலோரத்துத் தீவு ஒன்றிலிருந்து. இங்கே அதன் இஞ்சினை மட்டும் கொண்டுவந்து இரும்புத் தூண்களுக்கு நடுவில் கட்டிப்போடுவார்கள். தீயைக் கொளுத்திக் கத்தவிட்டுப் பார்ப்பார்கள். கட்டை அறுத்துக்கொண்டு போய்விடும் போலக் கத்தும், போகாது. ஒழுங்காகக் கத்திவிட்டால் அதே போல இன்னொன்றை அந்தத் தீவுக்கு அனுப்புவார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இதைச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனாலும் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடிவதில்லை. என் மகள் வேலை பார்த்த இடம் அது.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணி வாய்க்கால் எங்கள் வீட்டுப் பின்வாசலை உரசிக்கொண்டு ஓடும். குளிக்க, துவைக்க, பாத்திரம் துலக்க எதற்கும் தண்ணீரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்த மலையடிக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வாரம், என் மாமியார் செம்புத் தண்ணீரை நீட்டி, "இதுல மூஞ்சியும் கழுவணும், காலும் கழுவணும்" என்றார். அன்றைக்கே எனக்கு இந்த ஊரோடு ஒரு சண்டை. மலை இருக்கிறது, மேகம் வந்து அதன் மேலே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மழை அந்தப் பக்கம் மலையாளத்தில் கொட்டுகிறது. இந்தப் பக்கம் வெறும் காற்றுத்தான். ஆடி மாதம் வந்தால் கொடியில் வேட்டி நிற்காது.

முதன்முதலில் ஆட்கள் வந்தபோது என் மகள் இடுப்பில் இருந்த பிள்ளை. தொப்பி போட்டவர்கள் நாலைந்து பேர் மூன்று கால் வைத்த கண்ணாடியும் சங்கிலியுமாக மலையடியை அளந்தார்கள். அணை கட்டத்தான் அளக்கிறார்கள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மானாவாரி உழுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? மலையையும் அளவுச் சங்கிலியையும் சேர்த்துப் பார்த்தால் அவனுக்கு அணைதான். வீட்டுக்கு வீடு கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். என் மாமனார், மதகைத் தென்பக்கம் வைத்தால் எங்கள் காட்டுக்கும் தண்ணீர் பாயும் என்று அவர்களுக்கு யோசனையே சொன்னார். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மாமனார் அன்று சாயங்காலம் வயலில் நெல் நடப்போகிற கணக்காக நடந்து வீட்டுக்கு வந்தார்.

ராக்கெட் என்று தெரிந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அப்பம் தண்ணி வராதா?"

தண்ணீர் வந்தது. ஆனால் எங்களுக்கு இல்லை. எங்கள் காட்டில் பாதி வேலிக்குள் போயிற்று. பாறையை வெடிவைத்து உடைத்தார்கள், லாரி லாரியாக இரும்பு போயிற்று, தார் ரோடு வந்தது. பொழுது சாய்ந்தால் மலையடியில் கோயில் கொடைக்குச் சீரியல் செட் போட்டதுபோல விளக்கு எரிந்தது. முதல் முறை இஞ்சின் கத்தியபோது நான் எருமையைக் கறந்துகொண்டிருந்தேன். மலை இடிந்து உருண்டு வருகிறது என்றுதான் நினைத்தேன். எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, நான் பால் செம்போடு அதன் பின்னால் ஓடினேன். ஊரே தெருவில் நின்றது. மேற்கே வெள்ளையாக ஒரு மேகம் எழும்பி வந்தது. மழை மேகம் மாதிரியே இருந்தது. தீ இரும்பை உருக்கிவிடாமல் இருக்க அடியில் ஆறு மாதிரித் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், அது ஆவியாகிப் போகிறது என்று பிறகு சொன்னார்கள். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு செம்பில் முகமும் காலும் கழுவச் சொன்ன ஊரில், தீயின் வாயில் ஊற்றத் தண்ணீர் இருக்கிறது.

இப்படி அந்த இடத்தை வைதுகொண்டே இருந்தவள் நான். ஆனால் என் மகள் திருநெல்வேலியில் பாலிடெக்னிக் படித்து முடித்து, அங்கேயே வேலைக்குப் போனதும் வைவதை நிறுத்திவிட்டேன். மற்றவர்கள் வைதாலும் எனக்குப் பிடிக்காது.

அவள் அங்கே என்ன செய்தாள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. இஞ்சின் எரியும்போது அதன் சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று காட்டுகிற முள்ளும் கம்பியும் எல்லாம் அவள் பொறுப்பு. அவளும் இன்னும் சிலரும் சுவர் தடித்த ஒரு அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதும்மா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் நானும் அதையே சொல்வேன். எனக்கே தெரியாது என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

அந்த வேலைதான் கல்யாணத்துக்குத் தடையாகவும் இருந்தது. பெண்ணுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். ஆம்பிளைகளோடு ஷிப்டு பார்க்கிறவளா என்றார்கள், வெடிக்கிற இடம் என்றார்கள், மாப்பிள்ளையை விடப் படிப்புக் கூட என்றார்கள். எனக்கு நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அடுக்களையில் எதையாவது எடுக்கப் போவேன், எதை எடுக்கப் போனேன் என்று மறந்துபோய்த் திரும்பி வருவேன். அப்போதுதான் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. என் ஆற்றுக்கரை. அப்பா அரிசி மண்டி வைத்திருக்கிறார், பையன் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். பெண்ணை ஒரு தடவை கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்ச் சரி என்று சொல்லி அனுப்பினார்கள். பையனின் அம்மா பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. எங்களுக்குள் பூ வைத்த பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

ஒரு புதன்கிழமை நாள் குறித்தோம். பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிடிக்கும். அதற்கு முன்னால் பூ வைத்து, பிறகு சாப்பாடு. மகள் அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை வைத்திருந்த இஞ்சின் சோதனை தள்ளிப்போயிற்று. செவ்வாயும் தள்ளிப்போயிற்று. புதன் காலையில், ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்கிற அந்தச் சோதனை இடத்திலிருந்து வண்டி வந்து வாசலில் நின்றது.

"போகாட்டி என்ன?" என்றேன்.

"அந்த இஞ்சினுக்கு ஒவ்வொரு கம்பியையும் நான் கையால கட்டியிருக்கேம்மா. நான் இல்லாம எப்படி? முடிஞ்ச ஒடனே ஓடி வாரேன்."

"எப்பம் முடியும்?"

"முடியும்போது."

பட்டுச்சேலையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகிற பருத்திச் சேலையில் வண்டி ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அங்கே இருக்கிற பெரிய அதிகாரிகளும் சாமி கும்பிடுகிறவர்கள்தான். இஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள் என்று மகளே சொல்லியிருக்கிறாள். தேங்காய் உடைக்கிறவன் ராகுகாலத்தில் தீ வைப்பானா? ஒன்று, பன்னிரண்டுக்கு முன்னால் முடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் இன்றைக்கு வேண்டாம் என்று ஆளை அனுப்பிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் என் மகள் நேரத்துக்கு வந்துவிடுவாள். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவரும் நியாயம்தான் என்றார்.

அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, மாப்பிள்ளை, மூன்று பேரும். அந்த அம்மாள் கால் கழுவ நான் வைத்திருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மதினி, ஒரு வாளி தண்ணியை இங்கன வெளியவே வச்சிருக்கியளே, ஊர்க்காரங்க தூக்கிட்டுப் போயிர மாட்டாங்களா?" என்றார்.

"போன தடவை வந்தவங்க குடிச்சது போக மிச்சம் மதினி. நானும் ஆத்துக்கரைக்காரிதான், தாராளமா ஊத்துங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஊற்றினார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வாய் இருக்கிறவர்களோடுதான் எனக்குச் சரிப்படும்.

நடு வீட்டில், நாங்கள் பட்டாசல் என்போம், அங்கே பாய் விரித்து உட்கார வைத்தேன். தாம்பாளத்தில் பிச்சிப்பூவும் வெற்றிலையும் பழமும் எடுத்து நடுவில் வைத்தார்கள். கேசரியும் வடையும் காபியும் கொடுத்தேன். அந்த அம்மாள் உள்ளறைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு சிங்காரிச்சுக்கிட்டு இருக்காளோ?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கோயில், கீயில் என்று ஏதாவது சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

"வேலைக்குப் போயிருக்கா மதினி. அவசரமாக் கூப்பிட்டாவ. இப்பம் வந்துருவா."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

அவர் தம் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்த அண்ணாச்சி வடையைக் கடித்துக்கொண்டே, "வரட்டும், வரட்டும், பைய வரட்டும்" என்றார். மாப்பிள்ளை தலையைத் தூக்கி, "வாசல்ல நின்னா ராக்கெட்டு போறது தெரியுமா அத்தை?" என்று கேட்டார். கணக்கு வாத்தியாருக்கும் தெரியவில்லை. நான் முதலில் இருந்து எல்லாம் சொன்னேன்: கட்டிப்போடுவது, கத்தவிடுவது, தண்ணீர் ஊற்றுவது. அவர் நல்லபடியாகக் கேட்டார். அவருடைய அம்மா கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு காது பேச்சில், ஒரு காது மேற்கே. அப்பளம் பொரிக்கிறபோது எண்ணெய்ச் சத்தம் கேட்டால்கூட, வந்துவிட்டதா என்று அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடினேன். இத்தனை வருஷமாக அந்தச் சத்தம் வேண்டாம் வேண்டாம் என்று இருந்தவள், அன்றைக்கு, கத்தித் தொலையேன் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "போகட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த ஓட்டம் இருக்காதுல்லா. வேலையை விட்டுருவான்னு அண்ணாச்சிதான் சொல்லிட்டாவளே" என்றார்.

எந்த அண்ணாச்சி? நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடக்கூட இல்லை, கரண்டு போயிருந்தது.

"இங்கன வந்து இந்தப் பானையை இறக்கித் தாங்க" என்று அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டேன்.

"யாரைக் கேட்டுச் சொன்னிய?"

"சத்தம் போடாத. அவியளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். யாரைக் கேட்டுச் சொன்னியன்னேன்."

"வயசு போவுதுல்லா அவளுக்கு. வார எடமெல்லாம் இதைத்தான் சொல்லித் தட்டிட்டுப் போறாவ. மொதல்ல சரின்னு சொல்லுவோம், பொறவு பாத்துக்கிடலாம்னு..."

"பொறவு யாரு பாப்பா? நீங்களா பாப்பிய?"

அவர் கரண்டியை எடுத்துப் பாயசத்தைக் கிண்டினார். அவர் அடுக்களையில் கரண்டி பிடித்து அன்றுதான் பார்த்தேன். மேலே வைய மனசு வரவில்லை. அவருக்கும் தூக்கம் இல்லாமல்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

நாங்கள் அடுக்களையில் இப்படி நிற்கும்போது தெருவில் ஒலிபெருக்கி கட்டின ஜீப்பு ஒன்று போயிற்று. "இன்று சோதனை நடைபெற இருப்பதால் பொதுமக்கள் யாரும் அச்சப்பட வேண்டாம், ஆடுமாடுகளை மேற்கே ஓட்டிச் செல்ல வேண்டாம்" என்று எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்கள். எங்களுக்கு அது காதில் விழுந்தாலும் விழாத மாதிரி.

நான் காபித் தம்ளரோடு பட்டாசலுக்கு வந்தால், அண்ணாச்சி எழுந்து நிற்கிறார். முகத்தில் ரத்தம் இல்லை. மாப்பிள்ளையைக் காணோம்.

"அவன் மண்டிக்கு ஒரு போன் பேசப் போயிருக்கான். ரோட்டுல டெலிபோன் பூத்து பாத்தேன்" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், திரும்ப எடுத்து முகத்தைத் துடைத்தார், திரும்பத் தோளில் போட்டார். "நாம கெளம்பினாத் தேவலை" என்று வீட்டுக்காரம்மாவிடம் முனகினார்.

"பூ வைக்காமயா? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லை. கடை ஞாபகம்."

என் மகள் வராததைச் சாக்கு வைத்துக் கழன்றுகொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் அடுக்களையில் விழுங்கி வைத்திருந்ததையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

"மதினி, ஒண்ணு சொல்லிருதேன். வேலையை விடுவாங்கிறது இவிய சொன்னது. நான் சொல்லல. எம்மவளும் சொல்லல. அவ வந்ததும் அவ வாயாலயே கேட்டுக்கிடுங்க."

அந்த அம்மாள் விசிறுவதை நிறுத்தினார். அப்போது கடிகாரம் பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. நான் பிறந்ததிலிருந்து கேட்ட பன்னிரண்டில் அதுதான் நீளமானது. அடித்து முடிந்தது. அந்த அம்மாள் பூத்தாம்பாளத்தைத் தம் பக்கம் ஒரு முழம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பொறவு ஒரு நாள் பாப்போம் மதினி" என்றார்.

பொறவு ஒரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, மாப்பிள்ளை திரும்பி வர வேண்டுமே. இலை போட்டேன். இடிசாம்பாரை ஊற்றக் குனிந்தேன்.

அப்போதுதான் கத்தியது.

தேங்காய் உடைத்தவர்கள் ராகுகாலத்தில் தீ வைத்துவிட்டார்கள். முதலில் பாத்திரங்கள் நடுங்கின. பிறகு தரை. பிறகு சத்தம் காதில் இல்லை, நெஞ்சுக்குள் கேட்டது. ஓட்டுக்கூரையிலிருந்து தூசி உதிர்ந்து பாயசத்தில் விழுந்தது. அண்ணாச்சி இலையை விட்டு எழுந்து, கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்தார். "என்னது, என்னது" என்று வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. நான் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"எம்மவ அங்கன இருக்கா!"

சத்தம் நின்றபோது ஊரில் நாய்கள் மட்டும் குரைத்தன. மேற்கே வெள்ளை மேகம் எழும்பியது, சன்னல் வழியாகத் தெரிந்தது.

"பயப்படாதிய அண்ணாச்சி. காலையில இருந்து சொல்லுதேன்லா, அந்த இஞ்சின் சோதனைதான். ஜீப்புலகூடச் சொல்லிட்டுப் போனானே" என்றேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "சோதனைன்னது இதைத்தானா?"

"வேற என்ன?"

"அப்பம் மண்டிக்கு வாரது இல்லையா? மூட்டையைப் பிரிச்சுப் பாக்குத ஆபீசருங்க?"

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். விஷயம் புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சோதனைக்கு வாரவன் மைக்கு வச்சுச் சொல்லிட்டா வருவான்? அம்பாசமுத்திரத்து மண்டிக்குப் பணகுடியில வந்தா சொல்லுவான்? இதுக்கா எம்புள்ளையை வெயில்ல தொரத்துனிய?"

"ஆடுமாட்டை எல்லாம் சொன்னான், எனக்குச் சரியாக் கேக்கல" என்றார் அண்ணாச்சி. இலையில் வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி தாண்டிவிட்டதே.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஆள் வருகிற சத்தம் கேட்டு நான் வாசலுக்குப் போனேன். என் மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பூ வைப்பதற்கு முன்னால், ஊர் பார்க்க, நடுத்தெருவில். அவள் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டு வருகிறாள், இவர் கேட்டுக்கொண்டு வருகிறார். வீட்டுக்கு வீடு வாசலில் தலை தெரிந்தது. டெலிபோன் பூத்துக்குப் போனவரை, சோதனை முடியும் வரை ரோட்டில் மறித்து நிறுத்திவிட்டார்களாம். வெட்டவெளியில் நின்று சத்தத்தைக் கேட்டிருக்கிறார். ஸ்டேஷன் வண்டி வந்து என் மகளை அந்த முக்கில் இறக்கிவிட்டிருக்கிறது. அவள் இவரைப் பார்த்ததும், "அம்பாசமுத்திரம்தானே நீங்க? வாங்க, வீடு இந்தப் பக்கம்" என்றாளாம்.

எனக்குப் பின்னால் அந்த அம்மாள் வந்து நின்றார். "நல்லாருக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எந்த அர்த்தத்தில் என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் உள்ளே வந்ததும் அவர்களைக் கும்பிட்டாள். தலையெல்லாம் கலைந்து, சேலையில் எண்ணெய்க் கறை. ஆனால் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இஞ்சின் ஒழுங்காகக் கத்தியிருக்கிறது.

"ஒரு மணி நேரந்தான்மா விட்டிருக்காவ. வண்டி பணகுடிக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போது என்னை ஏத்திக்கிடும். பதிஞ்சதையெல்லாம் இன்னைக்கே பாத்து முடிக்கணும்."

அந்த அம்மாள் அவளை உட்காரச் சொன்னார். "ஒன்னைய ஒண்ணு கேக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுருவியா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் எதுவும் காட்டவில்லை. பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்தார்.

"விட மாட்டேன் அத்தை" என்றாள்.

"பாளையங்கோட்டையில இருந்து எப்படி வருவ?"

"வள்ளியூர் வரைக்கும் பஸ்ஸு. அங்கன இருந்து ஸ்டேஷன் வண்டி. நான் விசாரிச்சுட்டேன்."

"விசாரிச்சுட்டியா?" அந்த அம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்னலே சொல்லுத?"

"நான் விடச் சொல்லலியேம்மா" என்றார் அவர். "அது கத்தும்போது நீங்க வெளிய நின்னு கேக்கணும்."

"நான் உள்ள இருந்து கேட்டதே போதும்."

அதற்குள் தெருவில் வண்டி வந்து ஆரன் அடித்தது. சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அந்த அம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சரி என்றே சொன்னாலும் இது ராகுகாலம். என் கல்யாணத்தில் இருந்து எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியத்தைக்கூட அந்த நேரத்தில் தொட்டதில்லை. டிரைவரிடம் போய், ஒன்றரை வரை நிற்கச் சொல்லிக் கேட்கலாம் என்று காலை எடுத்து வைத்தேன்.

"அம்மா, நிக்க மாட்டாவ" என்றாள் மகள். எழுந்துவிட்டாள்.

அந்த அம்மாளும் எழுந்தார். தாம்பாளத்திலிருந்து பிச்சிப்பூவை எடுத்தார். "குனிடி" என்றார்.

"ஏய், ராகுகாலம்!" என்றார் அண்ணாச்சி, வாயில் சோற்றோடு.

"உங்களுக்கு எல்லாக் காலமும் ராகுகாலந்தான். மைக்கு சத்தத்துக்கே வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடுத ஆளு இருக்க வீட்டுக்கு, இந்தச் சத்தத்துக்குள்ள உக்காந்து வேலை பாக்குதவ ஒருத்தி வரட்டும்." என்னைப் பார்த்தார். "என்ன மதினி, வைக்கட்டுமா? உங்க வீடு, நீங்க சொல்லணும்."

வெளியே இரண்டாவது ஆரன் அடித்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் என் வாய் திறந்தது. பழகிப்போன வாய். இத்தனை வருஷமாகக் கேலண்டரைப் பார்க்காமல் ஊறுகாய் ஜாடியைக்கூடத் திறக்காதவள் நான். மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டே வாசலைப் பார்த்தாள்.

"வைங்க மதினி" என்றேன்.

வைத்தார். குங்குமம் இட்டார். மகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒரு வாய் கேசரியை அள்ளிப் போட்டுக்கொண்டு, நான் அவசரமாகக் கட்டி நீட்டிய சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பட்டுச்சேலை கட்டிலிலேயே கிடந்தது.

அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பினார்கள். அண்ணாச்சி இன்னொரு தம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார், தூசி விழுந்த பாயசத்தை. எனக்கு மட்டும் மனசு நிலைக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவினேன், கழுவினதையே திரும்பக் கழுவினேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று, தெரிந்துதான் செய்தேன், அவளை ஒன்றும் செய்துவிடாதே என்று சொன்னேன்.

சாயங்காலம் மகள் வண்டியில் வந்து இறங்கினாள். தலையில் பூ இல்லை.

"ஏட்டி, பூ எங்க?"

"உள்ள வச்சுக்கிட்டுப் போகக்கூடாதும்மா. பூ, ஊக்கு, வளையல் எல்லாம் வாசல்லயே எடுத்துரணும். எப்பவும் உள்ளதுதானே."

"வச்ச பூவை, வச்ச ஒடனே எடுத்துட்டியா? ராகுகாலத்துல வச்சதை?"

"எடுத்தேன், தூரப் போடலியே." சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுத்தாள். "அவருட்ட நடந்து வரும்போதே சொல்லிட்டேன், உள்ள பூ வைக்க முடியாதுன்னு. டப்பாவுல வச்சுக்கோங்கன்னு அவருதான் சொன்னாரு."

திறந்தேன். பிச்சி வாசமும் இடிசாம்பார் வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. பூ கொஞ்சம் நசுங்கியிருந்தது, வாடவில்லை. ஒரு இதழில் சாம்பார் பட்டிருந்தது, அதை மட்டும் கிள்ளி எறிந்தேன்.

"குனிடி" என்று சொல்லி மறுபடியும் வைத்துவிட்டேன். கடிகாரம் எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.